ஆண்டறிக்கை 2024–25: இதழியல் துறை முன்னாள் மாணவர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஜூன் முதல் இந்த மே வரையிலான சங்கப் பணிகளை இங்கே வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. நவம்பர் 16 தேசியப் பத்திரிகை தினத்தன்று துறையில் கருத்தரங்கு நடந்தது. டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாளில் கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தோம். பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் வரும் பழைய படங்களையும் பொய்ச்செய்திகளையும் சரிபார்ப்பது பற்றி ஒருநாள் பயிலரங்கு நடந்தது. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளர் அலுவலகத்தில் தர வேண்டியவற்றைத் தந்துவிட்டோம்.

சரி, மாணவர்கள் எழுதும் பயிற்சி இதழுக்கு வருகிறேன். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. "செயலாளர் சங்கப் பணத்தில் ஒரு பத்திரிகை நடத்துகிறார்" என்று செயற்குழுவிலேயே ஒரு பேச்சு வந்ததால், என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் துறையில் இளங்கலை மூன்று ஆண்டுப் படிப்பு. ஒரு தாளுக்கு உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தலைகீழ் பிரமிடு, அதாவது முக்கியமானதை முதலில் சொல்லும் செய்தி வடிவம், என்றால் என்ன என்று கேட்டால் படம் போட்டு எழுதிவிடுவார்கள். ஒரு கூட்டத்துக்கு அனுப்பி, வந்து செய்தி எழுது என்றால் கை நிற்கிறது. பாடத்திட்டத்தில் 'லேப் ஜர்னல்' என்று ஒன்று, அதாவது மாணவர்களே தயாரிக்க வேண்டிய பயிற்சி இதழ், இருக்கிறது. பல ஆண்டுகளாக அது இணையத்திலிருந்து எடுத்த கட்டுரைகளை ஏ4 தாளில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பதாகவே இருந்தது. நாம் படித்த காலத்திலும் அப்படித்தான். வேலைக்குப் போன பிறகு, செய்திகளைத் திருத்தும் டெஸ்கில் திட்டு வாங்கித்தான் நானும் எழுதக் கற்றுக்கொண்டேன். அந்தத் திட்டை வகுப்பிலேயே, அன்போடு, மூன்று ஆண்டுகள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

துறைத்தலைவர் சம்மதித்தார். டேப்லாய்டு அளவில் (வழக்கமான நாளிதழில் பாதி) நான்கு பக்கம், தனிச்சுற்றுக்கு மட்டும், 300 பிரதி என்று முடிவானது. இணையத்திலிருந்து ஒரு வரியும் எடுக்கக் கூடாது, எழுதுகிறவர் நேரில் பார்த்ததும் கேட்டதும் மட்டுமே வர வேண்டும் என்பது முதல் விதி.

அக்டோபர் 2 கிராம சபை நாள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 22 பேரை இரண்டிரண்டு பேராகப் பதினொரு ஊராட்சிகளுக்கு அனுப்பினோம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேள்வி கேட்பவர், பதில் சொல்ல வேண்டியவர், வரவு செலவுக் கணக்கு எல்லாம் ஒரே பந்தலுக்குள் கிடைக்கும். அனுமதிச் சீட்டு வேண்டாம், பிரஸ் கார்டு வேண்டாம். செய்தி எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வந்த பதினொரு செய்திகளும் ஒரே மாதிரி இருந்தன. "கிராம சபைக் கூட்டம் ஊராட்சித் தலைவர் தலைமையில் நடைபெற்றது. துணைத் தலைவர் முன்னிலை வகித்தார். முன்னதாக ஊராட்சிச் செயலர் வரவேற்றார்." பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் படித்து வளர்ந்த செய்திகள் அப்படித்தான் இருக்கின்றன. நான் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "கூட்டத்தில் யாருக்காவது கோபம் வந்ததா?" ஒரு மாணவி, "ஆமா சார், தண்ணி டேங்க் கழுவவே இல்லைன்னு ஒரு அம்மா சத்தம் போட்டாங்க, கடைசிப் பாராவுல எழுதியிருக்கேன்" என்றார். தொட்டி தவறாமல் சுத்தம் செய்யப்படுவதாகக் கூட்டத்தில் அறிக்கை வாசித்திருக்கிறார்கள். தொட்டியைப் போய்ப் பார்த்தாயா என்றேன். பார்க்கவில்லை. அடுத்த நாள் இரண்டு பஸ் மாறிப் போனார். மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியைப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள் அல்லவா, அதில் இருந்த தேதி நான்கு மாதம் பழையது. படம் எடுத்தார், அந்த அம்மாவிடம் மறுபடி பேசினார். ஊராட்சிச் செயலரிடம் கேட்டபோது, சுத்தம் செய்ததாகவும் தேதி எழுத மறந்துவிட்டதாகவும் சொன்னார். அதையும் அப்படியே போட்டோம். முதல் இதழின் முதல் பக்கச் செய்தி அதுதான். பத்து நாள் கழித்து அந்த ஊரிலிருந்து மாணவிக்கு ஒரு போன் வந்தது: தொட்டியைக் கழுவிவிட்டார்கள், புதுத் தேதி எழுதியிருக்கிறார்கள். அன்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்த இதழுக்கு ஏன் செலவு என்று கேட்கமாட்டார்கள்.

ஜனவரி 26 கிராம சபைக்கும் போனார்கள். ஜனவரி 5-ல் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்திருந்தார்கள். அக்டோபரில் வாக்குறுதி கொடுத்தவர் மேடையில் இல்லை. யாரிடம் பதில் கேட்பது என்று மாணவர்கள் திண்டாடினார்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள், ஆள் மாறினாலும் தீர்மானம் அங்கேதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளாட்சி அமைப்பு எப்படி இயங்குகிறது என்று அரை நாளில் புரிந்துகொண்டு வந்தார்கள்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் எட்டு மனுக்கள் போட்டார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான். ஒரு மாணவர் முதலில், "எங்கள் ஊர்க் கண்மாய் ஏன் தூர்வாரப்படவில்லை?" என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து மாற்றினோம்: எந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பணி ஆணை நகல், எம்.புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) நகல். ஐந்து மனுக்களுக்கு 30 நாளுக்குள் பதில் வந்தது. வராத மூன்றுக்கும் முதல் மேல்முறையீடு எழுதக் கற்றுக்கொடுத்தோம்.

சங்கடமான ஒரு நாளும் இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு சிறுமி தொடர்பான வழக்குச் செய்தியை நன்றாகவே எழுதிக் கொண்டுவந்தார். பெயர் இல்லை. ஆனால் பள்ளியின் பெயரும் தெருவும் இருந்தன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வரக் கூடாது. அந்தச் செய்தியை நிறுத்திவிட்டு, அந்த வாரம் முழுக்க இதைப் பற்றியே பேசினோம். வேலை செய்யும் நிருபர்களே தவறும் இடம் இது. அச்சுக்குப் போகும் முன் வகுப்பறையில் பிடிபட்டது எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாவது இதழில் ஒரு பெரியவரின் இனிஷியல் தப்பாகப் போய்விட்டது. மூன்றாவது இதழில் திருத்தம் போட்டோம். எழுதிய மாணவரே அவர் வீட்டுக்குப் போய் இதழைக் கொடுத்து வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார்.

ஆறு இதழ் என்று திட்டம் போட்டோம். மூன்றுதான் வந்தது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

சென்ற பொதுக்குழுவில் ஒன்பது உறுப்பினர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து மாணவர்களின் செய்திகளைத் திருத்தித் தருவதாகக் கைதூக்கினார்கள். தொடர்ந்து வந்தவர்கள் இருவர். இன்னும் மூன்று பேர் ஒரு தடவை வந்தார்கள். டெஸ்க் வேலை இரவு இரண்டு மணிக்கு முடிகிறது என்பது எனக்குத் தெரியாதது இல்லை, நானும் அதே டெஸ்கில்தான் இருக்கிறேன். ஆனால் வரமுடியாது என்று ஒரு வார்த்தை முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பதினெட்டு மாணவர்கள் கையில் எழுதிய செய்தியோடு காலையிலிருந்து காத்திருந்தார்கள். திருத்த நான் ஒருவன். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்க முடியவில்லை. அப்புறம், பாதிப் பேர் போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் தமிழ் எழுதுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகையைப் பழக்க ஒருவர் வருவதாக இருந்தது, அதுவும் நடக்கவில்லை.

இன்டர்ன்ஷிப் விஷயத்திலும் ஒரு குறை. நம் உறுப்பினர்கள் பணிபுரியும் இடங்களுக்குத்தான் மாணவர்களை அனுப்புகிறோம். ஓரிடத்தில் ஒரு மாணவியை முப்பது நாளும் பத்திரிகைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்ய வைத்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட நிருபரோடு வெளியே அனுப்பவில்லை. அங்கே நம் சங்கத்தவர் மூன்று பேர் இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கோ கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை மனு நாளுக்கோ ஒருமுறை கூட்டிப்போயிருக்கலாம்.

சந்தா ஆண்டுக்கு 500 ரூபாய். பதிவேட்டில் 137 பேர். மே மாத இறுதிவரை கட்டியவர்கள் 52. கட்டாதவர்களின் பெயரை இங்கே வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மூன்று முறை நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமான நீல டிக்கும் வந்திருக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. அச்சுச் செலவுதான் பெரியது. மூன்றாவது இதழுக்காக அச்சகத்துக்குக் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. அச்சக உரிமையாளர் நெருக்கவில்லை. முதல் இதழின் செலவில் ஒரு பகுதியை உறுப்பினர் ஒருவர் பெயர் சொல்ல வேண்டாம் என்று கூறிக் கொடுத்தார். மற்ற விவரங்கள் பொருளாளரின் அறிக்கையில் வரும்.

துறைத்தலைவருக்கும், பேராசிரியர்களுக்கும், சனிக்கிழமைகளில் கணினி அறையைத் திறந்து வைத்த உதவியாளருக்கும், அச்சகத்தாருக்கும், செயற்குழுவுக்கும், தொடர்ந்து வந்த அந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டிலும் இதழ் வர வேண்டும் என்பது என் விருப்பம். புதிய செயலாளரைத் தேர்ந்தெடுப்பதானாலும் எனக்கு மனவருத்தம் இல்லை, இதழ் நின்றுவிடக் கூடாது, அவ்வளவே. தொட்டிச் செய்தி எழுதிய மாணவி இப்போது மூன்றாம் ஆண்டுக்குப் போகிறார், இதழின் மாணவ ஆசிரியராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் புதிய இரண்டாம் ஆண்டு மாணவர்கள் போகிறார்கள். மறுநாள் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி அறையில் செய்திகளைத் திருத்துகிறோம். எனக்குப் பக்கத்தில் ஆறு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

செயலாளர்