இசைத்தட்டு கழுவும் இயந்திரம்: பார்க்க வேண்டியது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வினைல் இசைத்தட்டு சேகரிப்போர் இப்போது பெருகி வருகிறார்கள். தட்டைக் கழுவும் இயந்திரம் வாங்கும்போது பலரும் அது எப்படிக் கழுவுகிறது என்று மட்டுமே விசாரிக்கிறார்கள். அழுக்கு நீர் எப்படி வெளியேறுகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பிரஷ் கிளப்பிய தூசி நீரில் மிதக்கும். அந்த நீர் தட்டின் மேலேயே காய்ந்தால் தூசி மறுபடியும் இசை பதிந்த நுண்பள்ளத்தின் அடியில் படியும். அடுத்த முறை ஊசிமுனையில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வரும்.

அதனால்தான் உறிஞ்சும் வகை இயந்திரங்களைப் பரிந்துரைக்கிறேன். தட்டின் ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5 மில்லி கழுவும் திரவம் போதும். தட்டு சுழலும்போது பிரஷால் பரப்பி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, உறிஞ்சுகுழாயை இரண்டு சுற்று ஓடவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் உலர்ந்த வினைலில் குழாய் வாயிலுள்ள வெல்வெட் பட்டை உரசி மின்னூட்டம் ஏறும். கழுவிய தட்டே தூசியை இழுக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் மட்டும் ஒருமுறை அலசி உறிஞ்சுங்கள். இதைத் தவிர்த்தால் சோப்புப் படலம் தங்கி, 'சரசர' ஒலி கூடும். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் பள்ளத்தில் படியும்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வெல்வெட் பட்டை தனியாகக் கிடைக்குமா? பழைய பட்டையில் சேர்ந்த அழுக்கு சுத்தமான தட்டில் ஒட்டும். கழிவுநீர்த் தொட்டியை எளிதில் காலி செய்ய முடியுமா? நிரம்பி வழிந்தால் மோட்டாருக்கு ஆபத்து. இடைவிடாமல் எத்தனை தட்டு ஓட்டலாம்? சிறிய மோட்டார்கள் சூடேறிவிடும். இரைச்சலும் வீட்டு வாக்குவம் கிளீனர் அளவுக்கு இருக்கும், அதற்குத் தயாராகுங்கள்.

இன்னொன்றான அல்ட்ராசானிக் (கேளா ஒலி) வகை, தட்டை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் நுண்குமிழிகளை உருவாக்கி, அவை உடையும் விசையில் பிரஷ் எட்டாத இடத்தையும் துலக்குகிறது. பூஞ்சை பிடித்த தட்டுகளுக்கு இதுவே மேல். ஆனால் நீரின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலி அலையே நீரைச் சூடாக்கும், சூடு கூடினால் தட்டு வளையலாம். தட்டுகளை நெருக்கி மாட்டினால் நடுவில் உள்ளவை சரியாகச் சுத்தமாகா. வடிகட்டி இல்லாத தொட்டியில் முதல் தட்டின் அழுக்கில்தான் கடைசித் தட்டு குளிக்கும்! மின்விசிறியால் உலர்த்தும் மாடலானால் நீர் தட்டிலேயே காய்ந்துவிடும்; அதனால் உலர்த்தும் முன் தட்டை வெளியே எடுத்துத் தனியாக அலசுவதே நல்லது. எரியக்கூடிய ஆல்கஹாலை இந்தத் தொட்டியில் தாராளமாக ஊற்றுவது தீ விபத்துக்கு வழி.

சேகரிப்பில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளும் இருந்தால் திரவத்தின் சேர்மானத்தைக் கட்டாயம் படியுங்கள். வினைலுக்கு ஓரளவு ஆல்கஹால் கேடில்லை; அரக்கை அது கரைத்துவிடும். கீறலை எந்த இயந்திரமும் போக்காது.

ஐம்பது, அறுபது தட்டுகளே உள்ளவர்களுக்குக் கையால் சுழற்றும் தொட்டியும், நூல் உதிராத துணி இரண்டும் போதும். எந்த முறையில் கழுவினாலும், முழுதாக உலர்ந்த பிறகு புதிய உள்ளுறையில் போடுங்கள். பழைய காகித உறையில் போட்டால் கழுவிய பாடு வீண்.

இப்படிக்கு,
இசைத்தட்டு சேகரிக்கும் வாசகர்