விவசாயிகள் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இந்த முறை நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வாய்க்கால் தூர்வாரக் கொடுத்த மனுவுக்குப் பாதி தூரம் வேலை நடந்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, இந்த ஆண்டு நான் சொல்ல வந்தது வேறு. தை மாதம் நம் உறுப்பினர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். யாரென்று எல்லோருக்கும் தெரியும். பெயரை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டதால் எழுதவில்லை. குத்தகை நிலம். ஃபெஞ்சல் புயல் மழையில் சம்பா முழுகியது. நிவாரணம் கேட்டுப் போனால் பட்டா யார் பெயரில், பயிர் விவரம் பதியும் அடங்கல் எங்கே என்கிறார்கள். குத்தகைக்காரனிடம் இரண்டும் இருப்பதில்லை. நகைக்கடன் வேறு. ஆனால் புயலும் கடனும் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்கு முன்பே அவர் மாறிப்போயிருந்தார். டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். முகச்சவரம் இல்லை. மழைக்கு அப்புறம் மார்கழிக் கூட்டத்தில் வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்து, சொல்லாமல் எழுந்து போனார். அவருக்கு ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தவன் நான். ஏன் போனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பேப்பரில் "தீராத வயிற்று வலி" என்று வந்தது. அவருக்கு வலி இருந்தது உண்மை. மூன்று டாக்டர்களைப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார்கள். மாசியில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அழைத்துவந்து பேசச் சொன்னோமே, அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நம் ஊர்களில் மனச்சோர்வு மனசின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைபாரம், நெஞ்சு படபடப்பு, உடம்பு அசதி, வயிற்று வலி என்றுதான் வருகிறது. தூக்கம் போய், பசி போய், எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்றார் அவர். 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. நாடு முழுக்கப் பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த இடம் நோய்க்கு. 100க்கு 18 பேர். அதில் எத்தனை பேருடையது நம்மவரின் வயிற்று வலி போன்றதோ!

அந்த மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள், "சாகலாம்னு தோணுதாண்ணே" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும் என்றார்.

பங்குனியில் பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கும் பொதுப் பெட்டிகள் வைத்தோம். இது நம் சொந்த யோசனை இல்லை. சென்னையில் 1986இல் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களிலேயே பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையைச் செய்து பார்த்தது. அங்கே மருந்தால் நேர்ந்த தற்கொலைகள் குறைந்ததை 2013இல் வெளியிட்டார்கள். இலங்கையில் 1995 முதல் கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ய, இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. சாக நினைப்பவன் எப்படியும் செத்துவிடுவான் என்று நம் கூட்டத்திலேயே சிலர் வாதாடினீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வான்.

விடியற்காலையில் மருந்தடிக்கப் போகிறவன் சாவிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற சண்டை இரண்டு கூட்டம் ஓடியது. கடைசியில் குடோனுக்கு எதிர்வீட்டு அக்கா பொறுப்பேற்றார். அறிக்கை ஆண்டுக்குப் பிறகு நடந்தது என்றாலும் இதைச் சொல்ல வேண்டும். உரியவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். ஆவணியில் ஒரு ராத்திரி, மழை தூறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சாவி கேட்டு வந்தார். "ஈரத்துல இந்நேரத்துக்கு என்ன மருந்து அடிக்கப்போற தம்பி, உள்ள வந்து உட்காரு" என்று அக்கா சுக்குக் காப்பி போட்டிருக்கிறார். அவர் அழுது முடிக்கப் பொழுது விடிந்துவிட்டது. இப்போது மாவட்ட மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார். நடவுக்கும் போகிறார்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. குழுக்கடன் தவணைக்காக ஒரு தனியார் நிறுவனத்தின் ஆட்கள் காலை ஏழு மணிக்கே வாசலில் வந்து நின்று பேசுவது தெரியும். இனி அப்படி வந்தால் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வந்து நிற்கிறோம். அப்புறம் போலீஸ் பயம். முயற்சி செய்து பிழைத்தவர்மேல் வழக்கு வருமென்று பயந்து, "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று ஆஸ்பத்திரியில் மறைத்துச் சொல்லாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104க்கும் கூப்பிடலாம். இரண்டு எண்களையும் பெட்டி மூடியிலும் ரேஷன் கடைச் சுவரிலும் எழுதியிருக்கிறோம்.

பேரவையின் முன் மூன்று தீர்மானங்கள். நிவாரணத்தைப் பயிர் வைத்த குத்தகைதாரருக்கே தர வேண்டும் என்று ஆட்சியருக்கு மனு. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள் தூக்கம், மனசு பற்றியும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம்.

மூன்றாவது, மறைந்த உறுப்பினர் பெயரில் நிற்கும் சந்தா பாக்கி 120 ரூபாய். அதற்கு நினைவூட்டுக் கடிதம் தை முதல் வாரத்தில் என் கையெழுத்தில்தான் போனது. அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்து, அதே குத்தகையைத் தொடர்ந்து செய்யும் அவர் மனைவியைப் புதிய உறுப்பினராகச் சேர்க்க ஒப்புதல் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்