அலைக்கரையில் ஒரு பலகை வையுங்கள்

சென்னைக் கடற்கரைகளின் நீர்த்தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எவற்றையெல்லாம் சுமந்துகொண்டு கடலுக்கு வருகின்றன என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறுகளைத் தூய்மைப்படுத்தும் திட்டங்களைப் பற்றியும் இம்மடலில் நான் கேட்கப்போவதில்லை. அவை முடியும்போது முடியட்டும். அதுவரை, இன்று காலை இந்தக் கடலில் என் பிள்ளையை இறக்கலாமா, கூடாதா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கடந்த நவம்பரில் இரண்டு நாள் அடைமழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒன்பது வயதான என் மகனைப் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். என் தம்பி அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றான். தண்ணீர் பழுப்பாகத்தான் இருந்தது; மழைக்குப் பிந்தைய கடல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கரையில் இருந்த அறிவிப்புப் பலகை ஆழத்தையும் அலையின் இழுப்பையும் பற்றி எச்சரித்தது. அதை மதித்து ஆழத்துக்குப் போகாமல்தான் நின்றார்கள். தண்ணீரைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு சொல்லும் இல்லை.

செவ்வாய்க்கிழமை இரவு அவன் வலது காதைப் பொத்திக்கொண்டு விடிய விடிய அழுதான். மறுநாள் காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டன. காதைப் பரிசோதித்த மருத்துவர், பையன் எங்கே குளித்தான், மழைக்கு எத்தனை நாள் கழித்து, தண்ணீர் எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு, பழுப்பாக இருந்தது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளையை எந்தத் தண்ணீரில் இறக்கினேன் என்று தெரியாமல் மருத்துவர் முன் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. மகன் பத்து நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் காதில் இன்னும் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் பஞ்சு வைக்கிறேன்.

அவன் நோய் கடல்நீரால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. கடல்நீரால் வரவில்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. அன்றைய நீரில் எவ்வளவு கிருமி இருந்தது என்று காட்டும், இருவருக்கும் வேண்டிய அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் அடுத்த இரண்டு வாரங்களைக் கழித்தேன். கரையில் காவல் நின்ற உயிர்காப்பாளர், "அலை எப்படின்னு கேளுங்க, சொல்றேன், தண்ணி சுத்தமான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அவர் சொன்னது நியாயம். நான் தொலைபேசியில் அழைத்த ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே பேசியவர், அறிக்கை வெளிவரும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அறிக்கை வெளிவரும் நாளில் என் மகனின் காதுவலி எந்த மாதத்துக் கதையாக இருக்கும் என்று கேட்க எனக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

இந்த நாட்டில் அளவுகோல் இல்லாமல் இல்லை. குளிப்பதற்கும் நீர்விளையாட்டுக்கும் உரிய கடல்நீரை இரண்டாம் வகுப்பு என்று நம் சட்ட விதிகளே வகுத்திருக்கின்றன: 100 மில்லிலிட்டரில், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 100 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம். அறிவியலாளர்களும் இல்லாமல் இல்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. மத்திய அரசின் கடல் மாசுக் கண்காணிப்புத் திட்டம் 1990களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. யாரும் தண்ணீரை எடுத்துப் பார்ப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. பார்த்தது அந்தத் தண்ணீரில் கால் வைப்பவரின் கண்ணுக்கு, அவர் கால் வைக்கும் முன் வந்து சேரவில்லை என்பதே என் குறை.

வேறு இடங்களில் வந்து சேர்கிறது. சிங்கப்பூரில் செந்தோசாத் தீவு உள்ளிட்ட கடற்கரைகளின் நீரில், அதேபோல் மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கும் எண்டரோகாக்கஸ் கிருமியை எண்ணி, எந்தக் கடற்கரை நீந்தத் தகுந்தது என்று பொதுமக்களுக்கு அறிவிக்கிறார்கள். ஹாங்காங்கில் லாமா, செயுங் சாவ் போன்ற சிறு தீவுகளின் கடற்கரைகளுக்குக்கூட நீந்தும் பருவத்தில் தரவரிசை தருகிறார்கள்: 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை என்னும் குடல் கிருமி 24 வரை இருந்தால் முதல் தரம், 180 வரை இரண்டாம் தரம், 610 வரை மூன்றாம் தரம், அதற்கு மேல் போனால் நான்காம் தரம். பள்ளிச் சிறுவனும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒற்றை எண். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அந்தமானின் ராதாநகர் கடற்கரை 2020-இலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நம் கோவளம் 2021-இலும், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றிதழைப் பெற்றன. அந்தச் சான்றிதழுக்கு, குளிக்கும் பருவத்தில் ஒரு நீர்ச்சோதனைக்கும் அடுத்ததற்கும் 31 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. முடிவைக் கடற்கரையிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கவும் வேண்டும். கோவளத்துக்கு வருபவருக்கு உள்ள உரிமை பெசன்ட் நகருக்கு வருபவருக்கு ஏன் இல்லை?

ஆகவே என் கோரிக்கை இதுதான்: எண்ணூர் முதல் நீலாங்கரை வரை மக்கள் இறங்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் வாரம் ஒருமுறை நீரைச் சோதித்து, முடிவைத் தேதியோடு, தமிழில், அலைக்கரைக்குப் போகும் வழியில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள்.

கிருமி வளர்ந்து எண்ணிக்கை தெரிய ஒரு நாளாவது ஆகும், அதற்குள் கடல் மாறிவிடும் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அதனால்தான் மழை நாட்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும் என்கிறேன். கலிபோர்னியாவில் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று, சோதனை முடிவுக்குக் காத்திராமலே அறிவுறுத்துகிறார்கள். நம் கடற்கரைக்கு இது இன்னும் பொருந்தும். வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. நேப்பியர் பாலத்தருகே கடலில் சேரும் கூவத்தின் நீர் மெரினாப் பக்கமும், அடையாற்றின் நீர் பெசன்ட் நகர்ப் பக்கமும் தள்ளப்படுகின்றன. ஆறுகள் மழைவெள்ளத்தோடு எல்லாக் கழிவையும் வாரிக்கொண்டு வருவதும் அதே மாதங்களில்தான். இது தெரிந்த எவரேனும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி எழுதி வைத்திருந்தால், நாங்கள் மணலில் பட்டம் விட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

சென்னையில் கடலில் இறங்குவதே தவறு, காவல்துறை தடுக்கிறதே என்று பதில் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தடை மூழ்கிச் சாகாமல் காப்பதற்கானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் முழுக்குப் போடுபவர்கள் அந்தத் தண்ணீரில்தான் மூன்று முறை மூழ்கி எழுகிறார்கள். வாயிலும் மூக்கிலும் நீர் ஏறாமல் யாரும் முழுக்குப் போடுவதில்லை. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் விடியுமுன் படகைத் தள்ளுபவர்கள் மார்பளவு நீரில் நிற்கிறார்கள். இறங்காதே என்று சொன்னால் அவர்கள் வீட்டில் உலை ஏறாது. 2019 நவம்பர் இறுதியில் மெரினாவில் வெண்ணுரை நாட்கணக்கில் கரையொதுங்கிக் கிடந்தபோது, அதற்குள் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று பலர் ஏசினார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். இன்று நினைக்கவில்லை. வெள்ளை வெளேரென்ற நுரையைப் பார்த்து ஒரு தாய் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? தெரிந்தவர்கள் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

கோபத்தில் எழுத்து எல்லை தாண்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூடத்தில் பணியாற்றுபவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுடைய உழைப்பு கோப்புக்குள் தங்கிவிடுவதுதான் வருத்தம். எல்லாக் கடற்கரைகளிலும் உடனே முடியாதென்றால், மெரினாவிலும் எலியட்ஸிலும் திருவான்மியூரிலும் தொடங்குங்கள். வரும் தை அமாவாசைக்கு முன் முதல் பலகையை வைத்துவிடுங்கள். எண் மோசமாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மோசமான எண்ணைப் பார்த்து நாங்கள் கரையிலேயே நின்றுகொள்வோம். வாராவாரம் பலகையில் தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்து உங்களுக்குத் தெரிவிக்க, எங்கள் குடியிருப்பில் என்னையும் சேர்த்து ஆறு பேர் முன்வந்திருக்கிறோம். எந்த அலுவலகத்தில், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை மட்டும் உங்கள் பதிலில் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெசன்ட் நகரில் வசிக்கும் ஒரு தாய்