யார் கூற்று, கேட்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்து ஆங்கிலக் கவிதைகளிலும் நாவல்களிலும் வரும் கணவன், மனைவி பாத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் பாடம் சொன்னவள் நான். தமிழ் இதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், ராபர்ட் பிரவுனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையில் பேசும் கோமகனையும், ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் வரும் கசாபனையும் ஒரே தட்டில் வைத்து, இருவரும் இளம் மனைவியை வதைத்த கொடியவர்கள் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு படைப்புகளுக்கும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் பாத்திரங்களும் ஒன்றாகிவிட மாட்டா. அந்தப் பாத்திரத்தை யார் வாயால், யாருக்குச் சொல்ல வைத்தார்கள் என்று பார்க்காமல் செய்யும் பாத்திர ஆய்வு, தேர்வுக்கு எழுதும் குறிப்போடு நின்றுவிடும்.

1842இல் வெளிவந்த பிரவுனிங்கின் கவிதை ஐம்பத்தாறே அடிகள் கொண்டது. இத்தாலியின் ஃபெராரா நகரத்துக் கோமகன், தன்னிடம் இரண்டாம் திருமணப் பேச்சுக்காக வந்திருக்கும் தூதரை உட்காரவைத்து, இறந்துபோன மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டுகிறான். திரையை விலக்கும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். உயிரோடு இருந்தபோது அவள் புன்னகை எல்லோருக்கும் கிடைத்தது. சூரியன் சாயும் அழகுக்கும், யாரோ ஒடித்துக் கொடுத்த செர்ரிக் கிளைக்கும், அவள் ஏறிச் சென்ற வெள்ளைக் கோவேறு கழுதைக்கும், அவன் தந்த தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான குடிப்பெயருக்கும் அவள் ஒரே மாதிரி மகிழ்ந்தாள் என்பதே அவனுடைய குறை. கட்டுரையாளர் இதைப் பொறாமை என்கிறார். பொறாமைக்கு எதிராளி ஒருவன் வேண்டும். இங்கே அப்படி எவனும் இல்லை. ஒரு செர்ரிக் கிளையோடு தன்னைச் சமமாக வைத்துவிட்டாள் என்ற ஆத்திரம்தான் இருக்கிறது. அதையும் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, சொன்னால் தான் தாழ்ந்துபோக வேண்டும் என்பதால்.

அவன் கொலை செய்தான் என்று கட்டுரை உறுதியாகக் கூறுகிறது. கவிதையில் இருப்பதோ, கட்டளை இட்டேன், புன்னகைகள் எல்லாம் ஒருசேர நின்றுபோயின என்ற அளவுதான். என்ன கட்டளை என்று பிற்காலத்தில் கேட்டவரிடம், கொல்லும்படியான கட்டளை என்று பிரவுனிங் சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, மடத்தில் அடைத்துவைக்கச் சொல்லியும் இருக்கலாம் என்றார். கவிதையின் பின்னணியில் இருப்பவராகக் கருதப்படும் ஃபெராராக் கோமகன் இரண்டாம் அல்ஃபோன்சோவின் முதல் மனைவி லுக்ரேசியா, 1558இல் பதின்மூன்று வயதில் மணமாகி, 1561இல் பதினாறு வயதில் இறந்தார். நஞ்சு வைக்கப்பட்டது என்ற பேச்சு அன்றே எழுந்தது. காசநோயாக இருக்கலாம் என்பது இன்றைய கருத்து. எழுதியவரே மூடாமல் விட்ட கதவை நாம் ஏன் அவசரமாக மூட வேண்டும்?

இந்தக் கவிதையை வகுப்பில் நடத்தும்போது மாணவிகளில் ஒருத்தியைக் கோமகனாக நிற்கவைத்து, இன்னொருத்தியைத் தூதராக எதிரில் உட்காரவைப்பது என் வழக்கம். தூதருக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு முறை, தூதராக உட்கார்ந்திருந்த பெண், “மேடம், இவரோடு சேர்ந்து படியிறங்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ‘வாருங்கள், சேர்ந்தே இறங்குவோம்’ என்று இவர் சொல்கிறார் என்றால், நான் தனியாகப் போகப் பார்த்திருக்கிறேன், இல்லையா?” என்று கேட்டாள். அதுவரை அத்தனை ஆண்டுகளும் அந்த அடியை வெறும் உபசாரமாகவே நான் படித்திருந்தேன். அதே வகுப்பில் மற்றொருத்தி, எனக்குப் பேசத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் இந்த மனிதர் இருபத்தெட்டு ஜோடி அடிகளை, ஒவ்வொன்றும் இயைபு பிசகாமல், அந்த இயைபு காதில் உறைக்காதபடி வாக்கியத்தை அடுத்த அடிக்குள் ஓடவிட்டுப் பேசுகிறாரே என்றாள். அவனுடைய பாத்திரம் அந்த யாப்பிலேயே இருக்கிறது. எதையும் தன் பிடிக்குள் வைத்திருப்பான். பிடித்திருப்பது வெளியே தெரியாமலும் பார்த்துக்கொள்வான்.

ஒரு பாத்திரமே முழுதும் பேசும் இவ்வகைக் கவிதையை நாம் ‘தனிமொழி’ என்று மொழிபெயர்க்கிறோம். கேட்பவர் ஒருவர் எதிரிலேயே இருப்பதால் அந்தச் சொல் எனக்கு என்றும் நிறைவளித்ததில்லை. செய்யுள் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், எச்சம் (சொல்லாமல் விட்டது), முன்னம் (யார் யாருக்குச் சொன்னது என்று இடமறிந்து உணர்வது) என்று தனித்தனியே பெயர் வைத்தவர் தொல்காப்பியர். தலைவி கூற்றா, தோழி கூற்றா, யார் கேட்கச் சொன்னது என்று கேட்டே குறுந்தொகையைப் படித்துப் பழகிய நமக்கு, பிரவுனிங்கைப் படிக்க வேறு கருவி தேட வேண்டியதில்லை.

கட்டுரையாளர் சொல்லும் சமூகப் பின்னணி சரியானதே. மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று இங்கிலாந்துச் சட்டம் ஏற்றது 1870இல். அவளுடைய சொத்து முழுவதும் அவளுக்கு என்றானது 1882இல்தான். இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையில், 1871 டிசம்பர் தொடங்கி எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது ‘மிடில்மார்ச்’. விதவையாகும் தன் மனைவி டொரோதியா, தன் இளம் உறவினன் லாடிஸ்லாவை மறுமணம் செய்தால் தன் சொத்து அவளுக்குக் கிடைக்காது என்று உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போகிறான் கசாபன். அந்தச் செயல் இழிவானது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் ஜார்ஜ் எலியட் அந்த உயிலைக் காட்டுவதற்கு வெகு முன்பே நம்மை வேறோர் இடத்தில் நிறுத்துகிறார். இருபத்தொன்பதாம் அத்தியாயம் டொரோதியாவைப் பற்றித்தான் தொடங்குகிறது. ஒரு நாள் காலை டொரோதியா என்று ஆரம்பித்த முதல் வாக்கியம் முடிவதற்குள், ஏன் எப்போதும் டொரோதியா, இந்தத் திருமணத்தில் அவள் பார்வை ஒன்றுதான் பார்வையா என்று கதைசொல்லி தன்னையே இடைமறிக்கிறார். பிறகு கசாபனின் உள்ளே போகிறார். பல்லாண்டுகளாக எழுதியும் முடியாத அந்தப் புராண ஆராய்ச்சி நூல், சக அறிஞர்கள் சிரிப்பார்கள் என்ற அச்சம், சேற்றில் படபடத்துக்கொண்டு சிறகை நினைத்துக்கொண்டே பறக்காமல் இருக்கும் மனம் எல்லாவற்றையும் காட்டி, எனக்கு இவருக்காக மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிடுகிறார். கோமகனுக்குப் பிரவுனிங் தரும் பேச்சு அவனையே காட்டிக்கொடுக்கிறது. கசாபனுக்கு அந்தப் பேச்சுத் திறனும் இல்லாததால், அவன் சொல்லத் தெரியாமல் விழுங்கியதையெல்லாம் கதைசொல்லி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத நாற்பத்திரண்டாம் அத்தியாயம்தான் என் மனக்குறைக்கு முதற்காரணம். தன் இதய நோய் எந்த நேரமும் உயிரைப் பறிக்கலாம் என்று மருத்துவர் லிட்கேட் சொல்லக் கேட்டுத் தோட்டத்தில் நிற்கும் கசாபனின் கையோடு டொரோதியா தன் கையைக் கோக்கிறாள். அவன் கைகளைப் பின்னால் கட்டியபடியே மரம்போல் நிற்கிறான். அவள் அறைக்குப் போய்க் கொதிக்கிறாள். அன்றிரவு உணவுக்கும் கீழே இறங்கவில்லை. கோபம் ஆறப் பல மணி நேரம் பிடிக்கிறது. பின்னிரவில், அவன் விளக்கோடு நூலகத்திலிருந்து மாடியேறி வரும்போது, அவள் இருட்டில் நின்றுகொண்டிருக்கிறாள். எனக்காகவா காத்திருந்தாய் என்று வியப்போடு கேட்கிறான். வா, அம்மா, நீ இளையவள், தூக்கத்தை விட்டு விழித்திருந்து உன் ஆயுளை நீட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்கிறான். ஊனமுற்ற ஓர் உயிரைக் காயப்படுத்த இருந்து மயிரிழையில் தப்பியதைப் போன்ற நன்றி அவளுக்குள் சுரக்கிறது. இருவரும் கைகோத்து அந்த அகன்ற நடைகூடத்தில் நடந்துபோகிறார்கள். உயிலும் அவன் எழுதியதுதான், இந்தச் சொல்லும் அவன் சொன்னதுதான். ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிட்டால் அங்கே கசாபன் இல்லை.

கட்டுரையாளர் இதன் அடுத்த பகுதியில் அதே நாவலின் மருத்துவர் லிட்கேட், அவர் மனைவி ராசமண்ட் இணையைப் பற்றி எழுத இருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ராசமண்டைப் பேராசைக்காரி என்ற ஒரு சொல்லில் முடித்துவிட வேண்டாம் என்று அவரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் இருந்தால், நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியைத் தமிழாக்கி அந்த இதழிலேயே வெளியிடுங்கள். மொழிபெயர்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
பாளையங்கோட்டை.