டிஎன்எஸ்ஸில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மார்க்கெட்டிங் குழுவினருக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். புது மெயில் சேவைக்காரர் கொடுத்த எஸ்பிஎஃப் வரியை (நம் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிஎன்எஸ்ஸில், அதாவது நம் டொமைனின் விவரங்கள் இருக்கும் பொதுப் பதிவேட்டில், ஏற்கெனவே இருந்த வரிக்குக் கீழே இன்னொன்றாக ஒட்டிவிட்டீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு இருந்தால் மெயிலைப் பெறும் சர்வர் இரண்டையுமே ஏற்காது. எங்கள் பழைய சர்வருக்கு டிகிம் கையொப்பமும் (மெயில் நம் டொமைனுடையது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) கிடையாது. அதைத் தள்ளிப்போட்டது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். கடவுச்சொல் மெயில்கள் அந்த சர்வரிலிருந்துதான் போகின்றன. ஆகவே அவற்றுக்குச் சான்று எதுவுமே இல்லாமல் போனது. ஒரு வாடிக்கையாளர் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' பொத்தானை ஐந்து முறை அழுத்தியிருக்கிறார். ஐந்து மெயிலும் ஸ்பேமில். பிறகு எங்களுக்கே எழுதினார். நாங்கள் போட்ட பதிலும் ஸ்பேமுக்குத்தான் போனது. யாருமே கண்டுகொள்ளவில்லை என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகவேதான் கேட்கிறேன்: டிஎன்எஸ்ஸைத் தொடும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.

'டிமார்க் போட்டாச்சு, இனி நம் பெயரில் யாரும் போலி மெயில் அனுப்ப முடியாது' என்று கூட்டத்தில் சொன்னீர்கள். டிமார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்கு நாம் சொல்லும் கொள்கை. நம்முடையது இன்னும் 'நன்' (none, 'ஒன்றும் செய்யாதே') நிலையில்தான் இருக்கிறது. அதில் அறிக்கை வரும், எதுவும் தடுக்கப்படாது. 'ரிஜெக்ட்' நிலைக்குப் போக வேண்டுமானால், நம் பெயரில் அனுப்பும் ஒவ்வொரு சேவையும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்று விடுபட்டால் நம் மெயிலையே நாம் தடுத்துவிடுவோம். சேவைக்காரரின் திரையில் எஸ்பிஎஃப் பச்சையாகத் தெரிவதும் போதாது. எஸ்பிஎஃப் சரிபார்ப்பது வாசகர் கண்ணில் படாத திரும்பும் முகவரியை (சேராத மெயில் திரும்பிப் போகும் இடம்). பெரும்பாலும் அது அவர்களுடைய டொமைன். வாசகர் பார்க்கும் அனுப்புநர் முகவரியோடு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைன் பொருந்தினால்தான் டிமார்க் தேறும்.

மூன்றும் தேறினாலும் இன்பாக்ஸ் உறுதியில்லை. யார் அனுப்பியது என்பதற்குத்தான் அவை சான்று. கேட்காதவருக்கு அனுப்பியதை அவை நியாயமாக்காது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் மூன்றையும் கேட்கிறது. கூடவே ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டு, 'டெலிவரி ஏன் சரியில்லை' என்று எங்களைக் கேட்டால் நாங்கள் என்ன செய்ய? அந்தப் பட்டியல்களை நிறுத்தச் சொல்லி எத்தனை முறை எழுதிவிட்டோம்!

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நம் டொமைனில் அனுப்பும் சேவைகளின் பட்டியலைத் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். புதிதாக ஒன்று சேர்ப்பதென்றால், முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன்