சிப்பிப்பாறைக்கு எந்த வயதில் எவ்வளவு ஓட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நாட்டு நாய்களைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோருமே படித்தோம். சிப்பிப்பாறையின் வேகத்தையும் விசுவாசத்தையும் நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் அதை வாங்கி வளர்ப்பவர் எந்த வயதில் எவ்வளவு ஓட விடலாம், எப்போது ஓட விடவே கூடாது என்பது ஒரு வரிகூட இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லிப் பேசிய பிறகு, எங்கள் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் குட்டி கேட்டு வரும் வெளியூர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை இன்று குற்றம்; அது சரியான சட்டம்தான். ஆனால் வேலை போனாலும் நாயின் உடம்பு மாறவில்லை. இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். அது முழு வேகத்தில் ஓடும்போது பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். முதுகு வில்லாக வளைந்து, பின்னங்கால் இரண்டும் முன்னங்காலைத் தாண்டி முன்னால் வந்து விழும். அடுத்த கணம் உடம்பு முழுக்க நீண்டு, நான்கு காலும் தரையைத் தொடாமல் போகும். அந்த ஓட்டத்துக்கு எலும்பு முற்றியிருக்க வேண்டும்.

குட்டியின் கால் எலும்புகளின் முனையில் குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு அங்கேதான் நீளும். அது கெட்டியாக ஏறக்குறைய ஒரு வயதாகும். பெரிய உடம்புள்ள நாய்க்கு ஒன்றரை வயதுகூட ஆகும். அதற்குள் அந்த இடத்தில் அடிபட்டால் கால் கோணிப்போகலாம். இது தெரியாமல் நான்கு மாதக் குட்டியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு பைக் ஓட்டுகிறார்கள். புறவழிச்சாலையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. நிறுத்திக் கேட்டால், "இப்பவே பழக்கினாத்தான் வேகம் வரும்" என்கிறார்கள். வேகம் தாய் தகப்பன் வழியில் வருவது, பைக் கொடுப்பதில்லை. குட்டிக்கு வேண்டியது மண் தரையும் அதன் இஷ்டத்துக்கு விளையாட்டும். ஓடும், உருளும், களைத்தால் தானே படுத்துவிடும். பைக் பின்னால் ஓடும் குட்டி நினைத்தாலும் படுக்க முடியாது, அதுதான் கொடுமை. சங்கிலி போட்டு நடத்த, வயது ஒரு மாதத்துக்கு 5 நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான்கு மாதக் குட்டிக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம். குத்துமதிப்பான கணக்குதான், ஆனாலும் புதிதாக வளர்ப்பவருக்குக் கைகொடுக்கும். டைல்ஸ் தரையில் பந்து போட்டு ஓட விடுவதும், நாலு மாடி ஏற்றி இறக்குவதும் அந்த வயதில் வேண்டாம்.

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைதான் வளர்ப்பவருக்குச் சோதனைக் காலம். செருப்பைக் கடிக்கும், மெத்தையைக் கிழிக்கும், காம்பவுண்டுச் சுவரைத் தாண்டும். "முரட்டு நாய்" என்று பேர் வைத்து நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும், யாரிடமாவது தள்ளிவிடுவதும் இந்த வயதில்தான் நடக்கிறது. அது முரடு இல்லை, உள்ளே இருக்கிற தெம்புக்கு வடிகால் இல்லை. காலையும் மாலையும் நல்ல நடை, நடுவே மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு, பேர் சொன்னால் திரும்பி வரும் பழக்கம் எல்லாம் இப்போது கொடுக்க வேண்டும். அப்படிப் பழக்கிய நாயும் ஒரு ஆட்டையோ பூனையையோ கண்டுவிட்டால் நம் குரலைக் கேட்காது. அதனால் நாலு பக்கமும் சுவரோ வேலியோ உள்ள இடத்தில் மட்டும் அவிழ்த்து விடுங்கள். கழுத்தைவிடத் தலை ஒடுங்கிய நாய் என்பதால் சாதாரணப் பெல்ட்டை நொடியில் உருவிக்கொண்டு போய்விடும். அகலமான, இழுத்தால் இறுகும் பெல்ட் வேண்டும்.

இரண்டு வயதுக்கு மேல் தாராளமாக ஓட விடலாம். முதலில் கொஞ்ச நேரம் நடக்க வைத்து, அப்புறம் அவிழ்த்து விட்டால் தசைப்பிடிப்பு வராது. இது குறுகிய தூரம் பறக்கும் நாய், மைல் கணக்கில் இழுத்தடிக்க வேண்டாம். வயிறு நிறையச் சோறு வைத்த கையோடும் ஓட விடாதீர்கள். இந்த மாதிரி இறங்கிய நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். "கரிசல் காட்டு நாய், வெயில் தாங்கும்" என்பார்கள். நிழலில் படுத்திருக்கும்போது தாங்கும். ஓடும்போது உடம்பே சூட்டைக் கிளப்பும். நாய்க்கு நம்மைப்போல் மேலெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் ஆற வேண்டும். சித்திரை, வைகாசியில் விடிவதற்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். நமக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

எட்டு, ஒன்பது வயதானதும் "கிழடாயிடுச்சு" என்று நடையையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் பின்தொடைச் சதை வற்றி, எழவே சிரமப்படும். ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடத்துவதற்குப் பதில், சிறு சிறு நடையாக மூன்று வேளை கூட்டிப் போகலாம். வழுக்கும் தரையில் எழும்போது பின்னங்கால் இரண்டும் அகன்று சறுக்கும். படுக்கிற இடத்தில் சாக்கு விரித்தாலே போதும், ஊன்றி எழுந்துவிடும். நொண்டுகிறதே என்று நாம் போடும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் இதழில் ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் சொல்லுங்கள். குட்டி விற்பவர்களும் தடுப்பூசி அட்டையோடு, முதல் ஒரு வருஷத்துக்கு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நல்லது. எங்கள் ஊரில் சிலரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சாத்தூர்.