சில்வியா பூமிப் பக்கம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட சில்வியா என்னும் சிறுகோள் ஓர் 'இரும்புப் பாறை', அது எந்நேரமும் பூமியை நோக்கித் திரும்பலாம் என்று ஒரு வரி. விஷயம் அறிந்த தங்கள் பார்வையைத் தாண்டி அது எப்படி அச்சேறியது என்பதே வருத்தம்.

சூரியனிலிருந்து சில்வியாவின் சராசரித் தொலைவு 3.48 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவே ஓர் அலகு), ஏறக்குறைய 52 கோடி கிலோமீட்டர். மையப்பிறழ்ச்சி, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீள்கிறது என்ற அளவு, சுமார் 0.09. ஆகவே சூரியனை மிக நெருங்கும்போதும் அது 3.1 அலகுக்குக் கீழே வராது. அதில் பூமியின் ஓர் அலகைக் கழித்தால் மிச்சம் 30 கோடி கிலோமீட்டருக்கு மேல். சிறுகோள்கள் பூமிப் பக்கம் திருப்பப்படுவது பெரும்பாலும் 2.5 அலகு போன்ற இடங்களில். அங்கே வியாழன் ஒரு முறை சுற்றுவதற்குள் சிறுகோள் மூன்று முறை சுற்றும், ஒரே திசையில் விழும் இழுப்பு சேர்ந்துகொண்டே போய்ப் பாதையை நீட்டிவிடும். சில்வியா இருப்பதோ, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில். ஒரு சுற்றுக்கு 6½ ஆண்டு.

இரும்பு என்பது அதைவிடப் பெரிய பிழை. 2001-லும் 2004-லும் சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் கண்டறியப்பட்டன: ரோமுலஸ், ரீமஸ். இரண்டு துணைக்கோள்கள் உண்டென்று முதலில் தெரியவந்த சிறுகோளே இதுதான். ரோமுலஸ் சுமார் 1,356 கிலோமீட்டர் தள்ளி 3.65 நாளில் சுற்றுகிறது. சுற்றும் தொலைவையும் நேரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியில் இந்த இரண்டு எண்களைப் போட்டாலே நிறை வந்துவிடும். கனஅளவால் வகுத்தால் அடர்த்தி நீரைப்போல 1.4 மடங்கு அளவில் நிற்கும். இரும்புக்கோ 7.8. உள்ளே நிறைய வெற்றிடம் உள்ள இடிபாட்டுக் குவியல் அது.

படமும் தவறு. உருண்டையாக வரைந்திருக்கிறீர்கள். நீளம் 360 கிலோமீட்டரை ஒட்டியது, குறுகிய அச்சு 190-ஐ ஒட்டியது. 5 மணி 11 நிமிடத்தில் ஒரு முறை தன்னைச் சுற்றும்போது அகன்ற பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறித் தெரிவதால், ஒரு சுழற்சிக்குள் ஒளி இரண்டு முறை ஏறி இறங்கும். இதை அறியாமல் ஓர் ஏற்ற இறக்கத்தை ஒரு சுழற்சியாக எண்ணுகிற மாணவருக்குப் பாதி நேரமே விடையாக வரும்.

முன்பொரு முறை இதே பக்கத்தில், வெடித்துச் சிதறிய கோளின் மிச்சமே சிறுகோள் பட்டை என்று எழுதினீர்கள். பட்டை முழுவதையும் திரட்டினாலும் நிலாவின் நிறையில் சுமார் 3 சதவீதம்தான் என்று அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை. பிறகு, பைனாகுலரில் சில்வியாவைப் பார்க்கலாம் என்ற குறிப்பு. சூரியனுக்கு நேரெதிரே நிற்கும்போதும் அதன் பிரகாச அளவு 12-ஐ ஒட்டியதே (இந்த எண் கூடக்கூட மங்கல்). எட்டு அங்குலத் தொலைநோக்கி, இருண்ட வானம், நல்ல விண்மீன் வரைபடம் மூன்றும் வேண்டும். பைனாகுலரை நம்பி மொட்டைமாடி ஏறிய பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

வானியலாளர் நார்மன் போக்சன் 1866 மே 16 அன்று சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில், புகைப்படத் தட்டின் துணையின்றி, வரைபடத்தையும் வானத்தையும் கண்ணால் ஒப்பிட்டுப் பிடித்த சிறுகோள் இது. ஆசியா, சாப்போ, கமில்லா, வேரா ஆகியவையும் அவர் அங்கிருந்தே கண்டவை. சென்னைக்கு இத்தனை பெருமை இருக்க, அச்சமூட்டும் ஒரு வரி எதற்கு?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள்: சராசரித் தொலைவு, மையப்பிறழ்ச்சி, அடர்த்தி என மூன்று எண்கள். நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்